இடது கீழ் மூலை

மழை இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் பத்தாங் பெர்ஜுந்தாய் சாலையில் மதியம் இரண்டு மணிக்கே லோரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியின் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்து, சேது அந்தக் கிளினிக்கின் முன்னால் காரை நிறுத்தினான். ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியாக இருந்த பலகைக் கட்டடம். இப்போது முன்பக்கம் மருந்து கௌண்டர், பின்பக்கம் எக்ஸ்ரே.

டாக்டர்கள் எக்ஸ்ரே படம் பார்க்கும் திரையில் போதுமான வெளிச்சம் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை வந்து அளப்பதுதான் சேதுவின் வேலை. அதற்கு ஒரு மீட்டர் வைத்திருந்தான். துப்பாக்கி மாதிரிப் பிடி, பின்னால் ஒற்றைக் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. துளைக்குள் சின்னதாக ஒரு வட்டம் தெரியும். வட்டத்துக்குள் எது அகப்படுகிறதோ, அதன் வெளிச்சத்தை மட்டும் எண்ணாகச் சொல்லும்.

"வாங்க தம்பி. பசியாறியாச்சா?" எக்ஸ்ரே எடுக்கும் புஷ்பவள்ளி அக்கா எழுந்து வந்தாள். "துப்பாக்கி கொண்டாந்தீங்களா? போன வருஷம் பத்து நிமிஷத்துல சுட்டுட்டு ஓடிட்டீங்க."

"இந்த வருஷம் ஒழுங்கா சுடுறேன்க்கா."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

திரையை ஐந்து இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்றாக நான்கு. போன வருஷம் சேது நடுவை மட்டும்தான் அளந்தான். 412. மூலைகளுக்கு 398, 401, 395, 400 என்று மனதிலிருந்து எழுதி, அளவுகளை நிரப்பும் பாரத்தில் கையெழுத்துப் போட்டான். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் ஆபீஸில் சந்தேகம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் அளந்த மாதிரி இருக்கும்.

அவசரம் என்று ஒன்றும் இல்லை. செரண்டாவில் அவனுடைய வாடகை அறையில் அவனுக்காகக் காத்திருக்க ஒரு பூனைகூடக் கிடையாது. கெடாவில் இருக்கும் அண்ணன் தீபாவளிக்கு மட்டும் போன் செய்வார். இந்த வேலையில், ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார வேண்டும். அப்போது தன் மூச்சு தனக்கே கேட்கும். உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"டாக்டர் இப்பலாம் கதவத் தொறந்து வச்சுத்தான் உள்ள உக்கார்றாரு," என்றாள் புஷ்பவள்ளி சாவியை நீட்டி. "கேட்டா, ஏர்கோன் குளிருதாம் லா."

சேது உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தான்.

ஸ்பிரிட் வாடை. பழைய பலகையின் ஈர வாடை. அதற்கும் அடியில், லேசாக, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் வாடை.

பத்து நிமிஷம் உட்கார்ந்தான். கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. முதலில் திரை அணைந்திருக்கும்போது அளக்க வேண்டும், கறுப்பு கறுப்பாகவே இருக்கிறதா என்று பார்க்க. மீட்டரைக் கண்ணில் வைத்தான். நடு, 0.00. மேல் மூலைகள் இரண்டும் 0.00. வலது கீழ், 0.00.

இடது கீழ் மூலை, 0.41.

எங்கிருந்தாவது வெளிச்சம் கசிகிறதா என்று கதவிடுக்கைத் தடவிப் பார்த்தான். இல்லை. கைப்பேசியையும் அணைத்தான். திரும்பவும் கண்ணை வைத்தான்.

0.41. 0.44. 0.47. பிறகு மெல்ல இறங்கியது. 0.44. 0.41.

ஏறியது. இறங்கியது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பவள்ளியின் குரல் கேட்டது. சன்னாசி என்ற கிழவர் ஒருவர் படமெடுக்க வந்திருந்தார். "தாத்தா, மூச்ச நல்லா இழுங்க. அப்படியே புடிங்க."

எண் 0.47இல் நின்றது.

இயந்திரம் சொடுக்கியது. "விடலாம் தாத்தா." கிழவர் இருமிக்கொண்டே, "உசுர விட்டுட்டேன்னு நெனச்சியா," என்று சொல்லிச் சிரித்தார்.

எண் இறங்கவில்லை.

0.47. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அசையவில்லை. தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது சேதுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன தம்பி, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"அந்த ஸ்கிரீன்ல... இடது பக்கம், கீழ் மூலை..."

"அது வாங்குனதுலேருந்து மங்கல்தானே. நாங்க ரெண்டு வாட்டி பேசிக்கிட்டோம். அப்புறம் நீங்க பாஸ் போட்டுக் குடுத்தீங்க. சரி, நம்ம கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு விட்டுட்டோம்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நெஸ்காப்பி கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்த மூலையில படத்துல என்னக்கா வரும்?"

"நெஞ்சுப் படம்னா, பக்கம் மாறித் தெரியும் லா, வலது நுரையீரலோட அடி." கரண்டி நின்றது. "நம்ம புனிதவதி அக்காவுக்குக் கட்டி அங்கதான் இருந்துச்சு. ஈஜோக் பக்கம், செம்பனையில உதிரிப் பழம் பொறுக்குனவங்க. நீங்க வந்துட்டுப் போன மறு வாரம் இருமலோட வந்தாங்க. டாக்டர் பாத்துட்டு ஒன்னும் இல்லேன்னுட்டாரு. எட்டு மாசம் கழிச்சுப் பெரிய ஆஸ்பத்திரியில கண்டுபுடிச்சாங்க. அப்புறம் நாப்பது நாளுதான்."

சேது அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"பாவம், சொன்ன பேச்சுத் தட்டாத ஆளு. அன்னைக்கு மூச்சப் புடிங்கன்னு சொல்லிட்டு, போன் அடிச்சுதுன்னு போயிட்டேன். திரும்பி வந்தா மூஞ்சி செவந்து அப்படியே நிக்கிறாங்க. ஏன்க்கா விடலேன்னா, 'நீ சொல்லாம எப்புடிடி விடுறது'ங்குறாங்க. முப்பது வருஷம் தோட்டத்துல வேல வாங்குற மண்டோர் சொல்லு கேட்ட உடம்பு லா."

சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சேது மறுபடியும் உள்ளே போனான். இந்தத் தடவை திரையைப் போட்டு அளந்தான். நடு, 409. இடது கீழ் மூலை, 176. துணியால் துடைத்து அளந்தான். 176.

பாரத்தை எடுத்தான். 176 என்று எழுதினால் போன வருஷத்துப் பாரத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். வேலை போகும். இந்த ஊரில் அவனை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது இந்த வேலையால்தான். 396 என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. அடுத்து இருமலோடு வருகிறவருக்கும் தெரியாது.

பேனா 39 வரை எழுதிவிட்டது.

திரை தானாக அணைந்தது.

இருட்டில் தேங்காய் எண்ணெய் வாடை, தோளுக்குப் பக்கத்தில்.

மீட்டர் மேசையில் கிடந்தது. லென்ஸுக்கு மூடி போட்டிருந்தான். அது எதையும் பார்க்க முடியாது. பக்கவாட்டில் எண் மட்டும் சிவப்பாக எரிந்தது.

0.41. 0.44. 0.47.

நின்றது.

கைப்பேசியைத் திரும்பப் போட்டு, அந்த வெளிச்சத்தில் 39ஐ அடித்துவிட்டு 176 என்று எழுதினான். கீழே, "தோல்வி. இந்தத் திரையில் படம் பார்க்கக்கூடாது," என்று எழுதினான். அதற்கும் கீழே, "சென்ற ஆண்டு நான்கு மூலைகளையும் நான் அளக்கவில்லை," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எண் அப்படியே நின்றது.

சேது இருட்டைப் பார்த்து, "விடுங்கக்கா," என்றான்.

0.44. 0.41. 0.20. 0.00.

காதோரம் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டுப் போனது.

பாரத்தை வாங்கிப் படித்த புஷ்பவள்ளி அதை அப்போதே சேதுவின் ஆபீஸுக்கு ஃபேக்ஸில் அனுப்பினாள். பிறகு, "மழை விட்டதும் கெளம்புங்க தம்பி," என்றாள். அவ்வளவுதான். நெஸ்காப்பி மேசையிலேயே ஆறியது.

செரண்டா வந்து சேரும்போது தெருமுனைத் தொழுகைக்கூடமான சூராவில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸிலிருந்து ஏழு தவறிய அழைப்பு. திரும்பக் கூப்பிடவில்லை. வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தான். சாப்பிடத் தோன்றவில்லை. நாளைக்கு மீட்டரை ஒப்படைக்கச் சொல்வார்கள். பெட்டியில் வைக்குமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். கழற்றினான். இரண்டு பேட்டரியும் உள்ளங்கையில் இருந்தன.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.

திறந்த பெட்டிக்குள் சிவப்பாக எண் எரிந்தது.

0.41. 0.44. 0.47.

நின்றது.

தேங்காய் எண்ணெய் வாடை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. சேது போர்வைக்குள் இருந்து மெதுவாகச் சொன்னான்: "விடுங்கக்கா."

எண் இறங்கியது. அவனும் மூச்சு விட்டான்.

மறுபடியும் ஏறியது. 0.47. நின்றது.

"விடுங்கக்கா."

இறங்கியது. ஏறியது. நின்றது.

சொல்லாமல் இருந்து பார்த்தான். கட்டிலுக்குப் பக்கத்தில், இருட்டில், யாரோ மூச்சு முட்டித் தவிக்கும் சத்தம் வந்தது. நகராமல், கேட்காமல், அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் சத்தம்.

விடிய இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.

"விடுங்கக்கா," என்றான் சேது.