மஞ்சப்ப ஷெட்டிக்கு ஓர் இலை

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெண்கல அண்டாவிலிருந்து சோறு கொதிக்கும் வாசனை வந்தது. நூறு வருடமாக அடுப்பேறாத அண்டா. கருணாகரன் குனிந்து இன்னொரு முறை முகர்ந்தான். புழுங்கலரிசி வெந்து அடங்கும்போது எழும் அதே வாசம். கண்ணாடியின் உள்பக்கம் லேசாக வேர்த்தும் இருந்தது. அருங்காட்சியகத்து ஆட்கள் பின்கட்டில் பொங்கித் தின்கிறார்கள் என்று முடிவுசெய்து மூக்கைச் சுளித்தான். அரசாங்கச் சம்பளக்காரர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பெட்டியின் மேல் 'கொடுத்தவர் பெயர் தெரியவில்லை' என்று ஒட்டியிருந்தது. மங்களூரில் புதுக் கூடம் திறக்கப்போகிறார்கள். பெயரை நிரூபித்தால் பித்தளைத் தகட்டில் பொறிப்பதாகவும் திறப்பு விழாவில் வாரிசை மேடையில் உட்கார வைப்பதாகவும் சொன்னார்கள். அந்தத் தகடு கருணாகரனுக்கு வேண்டும். அவனைப் பார்த்தும் எழுந்து நிற்காத ஊர் அது.

கொடுத்தவர் அவன் தாத்தாவின் அப்பா மஞ்சப்ப ஷெட்டி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. ஜில்லா மதராஸோடு இருந்த காலம் என்பதால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து பழைய கட்டுகளைப் பிரித்தான். கலெக்டர் எழுதிய நன்றிக் கடிதத்தின் நகல் கிடைத்தது. பைலுகுத்து வீட்டு யஜமானர் மஞ்சப்ப ஷெட்டி, குடும்பம் முழுவதற்கும் உலை வைக்கும் அண்டாவை மனமுவந்து அளித்தார். ராவ் சாகிப் பட்டத்துக்குச் சிபாரிசு செய்யப்படுகிறது. மழை பொய்த்து, விஷக்காய்ச்சலும் பரவிய வருடத்துக் கடிதம். கருணாகரன் தேதியைப் பார்க்கவில்லை. பட்டத்தைப் பார்த்தான்.

பைலுகுத்து வீட்டாரின் கையெழுத்தும் வேண்டுமென்றார்கள். அங்கே இப்போது பொறுப்பு குசுமாவிடம். மஞ்சப்பரின் தங்கை வழியில் வந்தவள். துளு நாட்டில் வீடும் நிலமும் தாய்மாமனிடமிருந்து தங்கை பிள்ளைகளுக்குத்தான் போகும். மகன் வழியில் வந்த கருணாகரனுக்கு அங்கே ஒரு ஓட்டுச்சில்லுகூடக் கிடையாது. காட்டாள்கள் வழக்கம் என்பான் அவன்.

குசுமா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். "தாராளமா எடுத்துக்கண்ணா. அந்தாளை நாங்க கைகழுவி எவ்வளவோ காலமாச்சு" என்றாள்.

ஏனென்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பஞ்சத்தில் தங்கை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டிய தாய்மாமன், நெல் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டானாம். இனி உலை வைக்கிற வேலையில்லை என்று அண்டாவைத் துரைக்குக் கொடுத்துவிட்டானாம். பிள்ளைகளில் பிழைத்தது ஒருத்தி; அவள் வழிதான் குசுமா. அதனால் ஆடி மாதத்தில், செத்தவர்களுக்கு இலை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அவன் பெயரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

"தகடு வச்சுக்க, மாலை போட்டுக்க. எலை மட்டும் போட்ராதே. அவன் பசியில கெடக்கான்."

"செத்தவனைப் பட்டினி போட்டிருக்கீங்க."

"அவன் போட்டதைத்தான் நாங்களும் போட்டோம்" என்றாள் குசுமா. இப்போது சிரிக்கவில்லை.

ஒரு வாழையிலைக்குக் கணக்குப் பார்க்கும் ஜென்மங்கள். வழியெல்லாம் காரில் தனக்குத்தானே சொல்லிச் சிரித்தான்.

ஆடிச் சாப்பாட்டு நாளில், கூடுதலாக ஓர் இலை நறுக்கச் சொன்னான். அம்மா ரத்னாவதி கத்தியைக் கீழே வைத்தாள். அந்த நாளுக்காகவே அவள் வருடம் முழுக்க உயிரோடிருப்பதுபோல் இருக்கும். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போன மகள் சுகந்தி அன்றைக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போகிறாள் என்று நம்பினாள். கதவைத் திறந்ததும் மகளின் இலையில் சோறு கொஞ்சம் கலைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

"அவரு உங்கப்பன் வழிடா. இது என் தாய்வழி வீடு, அவரு நம்ம வீட்டாளில்ல. என் பொண்ணு சாப்பிட வர்ற எடத்துல ஊரானைக் கூப்பிடாதே."

"பல்லி கிளறின சோத்தைப் பார்த்து வருஷா வருஷம் அழுவுற ஆளு நீ. உங்கிட்ட யோசனை கேக்கலை."

அவனே இலையைப் போட்டான். வரிசையின் தலைமாட்டில், சுகந்தியின் இலைக்கு அடுத்து. சிவப்பரிசிச் சோறு, அப்பளம்போல் மொறுமொறுக்கும் அரிசி ரொட்டி, கோழிக்குழம்பு. ராவ் சாகிப் மஞ்சப்ப ஷெட்டி என்று பட்டத்தோடு உரக்கக் கூப்பிட்டான். பிறகு எல்லோர்க்கும் செய்வதுபோல் விளக்கை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஓட்டின்மேல் விழுந்த நீர் தாழ்வாரத்தில் வழிந்து, முற்றத்தில் தேங்கி, பாசியும் ஈரவிறகும் கோழிக்குழம்பின் கொத்தமல்லியும் கலந்த ஒரு கனத்த வாசனையைக் கிளப்பிக்கொண்டிருக்க, அதற்கு நடுவே, மெதுவாக, யாரோ பக்கத்திலேயே உலை வைத்ததுபோல், புழுங்கலரிசி கொதிக்கும் வாசம் கதவிடுக்கு வழியாக வந்தது.

கருணாகரன் அடுப்படியை எட்டிப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது.

உள்ளே ரொட்டி நொறுங்கும் சத்தம் கேட்டது. மொறுமொறுவென்று, நிதானமாக, அவசரமில்லாத பெரிய மனிதர் தின்பதுபோல். அம்மா கதவில் காதை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டா" என்றாள்.

எலி, என்று நினைத்தான் கருணாகரன். இந்த வீட்டுக் கிழவிகள் எலியைக் கும்பிடுகிறார்கள்.

சத்தம் நகர்ந்தது. ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு. அங்கிருந்து அடுத்ததற்கு. குழம்பை உறிஞ்சும் ஒலி. இலை கிழியும் ஒலி. இலையையே மெல்லும் ஒலி.

நாய். நாயாக இருக்கும்.

ஜன்னலைச் சாத்தியது அவன்தான்.

தரையில் குதிகால்கள் இழுபட்டன. லேசான குதிகால்கள். ஏதோ சுவரில் ஒருமுறை மோதியது. அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று.

பிறகு கடிக்கும் சத்தம். ரொட்டி இல்லை.

"கதவைத் தொறடா."

அவன் கதவைவிட்டு ஓர் அடி பின்னால் போனான்.

"கருணா. தொற."

உள்ளே ஒரு ஏப்பம். நீண்ட, திருப்தியான ஏப்பம். அப்புறம் மழை மட்டும்.

வந்தவர்கள் எழுந்து போகட்டும் என்று தட்டிவிட்டுத்தான் திறப்பது வழக்கம்; அவன் தட்டாமலே திறந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலைகள் இருந்த இடத்தில் இலைகள் இல்லை. ஈரத் தரை, நக்கித் துடைத்ததுபோல். தலைமாட்டில் ஒரே ஓர் இலை மட்டும் மிச்சம், சாப்பிட்டு முடித்ததும் மரியாதையாக மடிக்கப்பட்டு. மடிப்புக்கு வெளியே, சோற்றில் அகப்பட்ட தலைமுடியை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைப்போமே, அப்படிச் சுருட்டி வைத்திருந்தது.

ஒற்றை முடி இல்லை. ஒரு தலை நிறைய இருந்தது.

அம்மா உட்கார்ந்து அதை மடியில் எடுத்துப் பிரித்தாள். விரல்களால் கோதிச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.