ரிக்‌ஷாவா, டிராமா?

ஹபீபா மாமி வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து மஹ்பூபாவுக்கும் அவள் தம்பி கமாலுக்கும் கால் தரையில் பாவவில்லை.

மாமி அவர்களுடைய அத்தாவின் அக்கா. கடலுக்கு அந்தக் கரையில், கெப்பாலா பத்தாஸில் இருந்தார். ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனாலும் ஐந்து வருடங்களாகப் பினாங்குப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஒரு தடவை மாடு கன்று போட்டது. ஒரு தடவை மழை. அடுத்த தடவை மாடு மறுபடியும் கன்று போட்டது.

இந்தத் தடவை அத்தா விடவில்லை. மஹ்பூபாவுக்கு இன்னொரு தம்பி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "பிள்ளைக்கு முடி இறக்கணும். உங்க மடியில வெச்சுத்தான் இறக்குவேன்" என்று கடிதம் எழுதிவிட்டார். மாமியால் மறுக்க முடியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, அத்தாவும் பிள்ளைகளும் காத்து நின்ற படகுத்துறையில் ஃபெர்ரி வந்து நின்றது. கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு, மாமி மெல்ல மெல்ல இறங்கி வந்தார். பெரிய உடம்பு. வெள்ளைத் துப்பட்டி. கையில் ஒரு கூடை.

மாமி கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"எவ்வளவு வளர்ந்துட்டீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சரி, வீட்டுக்குப் போவோம்" என்றார் அத்தா. "ரெண்டு ரிக்‌ஷா பிடிக்கிறேன். அக்கா திரை போட்டுக்கிட்டு வசதியா உக்காந்து வரட்டும்."

"டிராம்ல போலாம் அத்தா" என்றான் கமால். "மணியடிச்சுக்கிட்டே போகும். கம்பியில பொறி பறக்கும்."

"நீ சும்மா இரு. அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவங்களை மரியாதையா கூட்டிட்டுப் போகணும்."

"டிராமும் மரியாதையாத்தான் போகும்."

மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நடந்தே போயிடலாமே" என்றார்.

"டத்தோ கிராமாட்ல இருக்கிற வீடு வரைக்குமா? இந்த வெயில்லயா?" என்றார் அத்தா.

"அப்படின்னா ஒண்ணு செய்யி, ரசாக். பிள்ளையை இன்னொரு நாள் அங்க தூக்கிட்டு வா. நான் அடுத்த ஃபெர்ரியில திரும்பிடறேன்."

அத்தாவின் முகம் சுருங்கிப்போனது. ரிக்‌ஷாக்கள் நிற்கும் பக்கமாக நடந்தார். கமாலும் பின்னால் ஓடினான்.

மஹ்பூபா மட்டும் மாமியின் பக்கத்தில் நின்றாள். மாமியின் கண்கள் போகும் இடத்தைக் கவனித்தாள். முதலில் ஒரு ரிக்‌ஷாக்காரரைப் பார்த்தார். அவர் ஒல்லியான, வயதான சீனர். பிறகு, தூரத்தில் நின்ற டிராமைப் பார்த்தார். டிராமை அல்ல, அதன் படியைப் பார்த்தார். அந்தப் படி தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருந்தது.

"மாமி, டிராம் பயமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமி குனிந்து, அவள் காதருகே சொன்னார்.

"பயமெல்லாம் இல்ல, கண்ணு. போன தடவை வந்தப்ப டிராம்லதான் ஏறப் போனேன். கால் எட்டல. ரெண்டு பேர் பின்னாலிருந்து தூக்கி விட்டாங்க. வண்டி முழுக்கச் சிரிச்சுது."

"அப்ப ரிக்‌ஷா?"

"அந்த மனுஷனைப் பாரு. என்னை வெச்சு இழுத்தா நாளைக்கு அவரால எந்திரிக்க முடியுமா? யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் மஹ்பூபா.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கச்சாங் பூத்தே விற்பவர் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டியான மரப்பெட்டி.

மஹ்பூபா அவரிடம் ஓடினாள்.

"அண்ணே, உங்க பெட்டியைக் கொஞ்சம் தர்றீங்களா? டிராம்ல ஏறிட்டுத் தந்திடறேன்."

"நீ ஏறிட்டா வண்டி போயிடும். அப்புறம் எப்படித் தருவே?"

மஹ்பூபா இதை யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். "சரி, நானே வந்து எடுத்துக்கறேன், தங்கச்சி" என்று எழுந்து பெட்டியைக் கொடுத்தார்.

மஹ்பூபா அதைத் தூக்கிக்கொண்டு போய் டிராம் படிக்குக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை.

"அத்தா, டிராம்லயே போலாம்" என்று கூப்பிட்டாள். "எனக்குப் படி எட்டல. அதனால பெட்டி போட்டிருக்கேன்."

மூவரும் டிராம் பக்கம் வந்தார்கள். "பொய்" என்றான் கமால். "போன வாரம்கூட அக்கா தாவித்தானே..."

மஹ்பூபா மாமியின் கூடைக்குள் கைவிட்டாள். அகப்பட்ட முறுக்கை எடுத்துக் கமாலின் வாயில் வைத்தாள். பேச்சு நின்றுவிட்டது.

டிராம் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, பெட்டியெல்லாம் பலமா இருக்கு?"

"எனக்கு உயரம் பத்தாது" என்றாள் மஹ்பூபா. பெட்டியில் ஏறி, படியில் கால் வைத்து, வேண்டுமென்றே மெதுவாக ஏறினாள். பிறகு திரும்பிக் கையை நீட்டினாள். "பெட்டி அங்கேயே கிடக்குது மாமி. நீங்களும் அப்படியே வாங்க."

மாமி ஒரு கணம் தயங்கினார். பெட்டியில் ஒரு கால். படியில் ஒரு கால். கம்பியை ஒரு கை பிடித்தது. அவ்வளவுதான். மாமி டிராமுக்குள் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பார்க்கக்கூட இல்லை, ஏனென்றால் பின்னால் ஒரு சீனப் பாட்டியம்மா, வாத்துக் கூடையோடு அதே பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தார். வாத்து கத்திய கத்தலில் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"இன்னும் யாருக்காவது பெட்டி வேணுமா லா?" என்று கேட்டுவிட்டு, கச்சாங் பூத்தேக்காரர் அதை எடுத்துக்கொண்டு போனார்.

மாமி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் மஹ்பூபா. டிராம் மணியடித்துக்கொண்டு கிளம்பியது. கடற்காற்றில் துப்பட்டி படபடத்தது. முதலில் மாமி இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைத்தெரு வந்ததும் ஒரு கையை எடுத்தார். அடுத்த திருப்பத்தில் இன்னொரு கையையும் எடுத்து, மஹ்பூபாவின் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

முன் இருக்கையிலிருந்து அத்தா திரும்பிப் பார்த்தார். "வசதியா உக்காந்திருக்கீங்களா, அக்கா?"

"நல்லா இருக்குது, ரசாக். இதை விட்டுட்டா நீ ரிக்‌ஷா தேடினே?"

டத்தோ கிராமாட்டில் இறங்கும்போது அத்தா கீழே நின்று கை கொடுத்தார். மாமி இறங்கி முடிக்கும்வரை கண்டக்டர் மணியடிக்காமல் காத்திருந்தார்.

டிராம் புறப்பட்டது. மாமி வீட்டுப் பக்கம் திரும்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எதுவரைக்கும் போகும், கண்ணு?"

"ஆயர் ஈத்தாம் வரைக்கும் மாமி. அங்க மலை இருக்கு."

"நாளைக்குப் போவோமா?"

"நாளைக்கா? வந்ததும் வராததுமா பிள்ளையை விட்டுட்டா?" என்று சிரித்தார் அத்தா.

"அவனை ஏன் விடணும்?" என்றார் ஹபீபா மாமி. "அவனையும் தூக்கிட்டுத்தான் போவோம்."