கானியின் இருக்கை

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மரிக்கினா நகரில் விடியலுக்கு முன்பிருந்தே ஊசித் தூறல், வடகிழக்கிலிருந்து குளிர்காற்று, மலைப்பக்கம் முழுவதும் மூட்டத்தில் மறைந்து கிடந்தது.

வண்டிக் கொட்டகையின் விளக்கைப் போட்ட தெல்ஃபின், கை சுவிட்சிலேயே இருக்க, அசையாமல் நின்றான். அவனுடைய மோட்டார் சைக்கிளில், பின்னால் அமர்பவர் கால் வைப்பதற்கான ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரிந்திருந்தன. வண்டி வாங்கிய இரண்டரை ஆண்டுகளில் அவை விரிக்கப்பட்டது ஒரே ஒரு முறைதான். மடங்கியே கிடந்ததனால் மூட்டுகளில் துருவேறி, பிளையர் கொண்டு நெம்பினாலன்றி அவை அசையா. நேற்று மாலை அவன் வண்டியைத் துடைத்தபோது அவை மடங்கித்தான் இருந்தன. இப்போதோ, யாரோ இறங்கி ஒரு நிமிடம் வெளியே போயிருப்பதைப் போல, இரண்டும் விரிந்து நின்றன. கொட்டகையில் பெட்ரோல் வாசனையோடு வலித்தைலத்தின் காரமான மணமும் கலந்திருந்தது.

"என்ன தெல், பைக் முன்னாடி நின்னு ஜெபம் பண்றியா?" நேனெத் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி வந்தாள். திருமணமாகிப் பதினொரு ஆண்டுகளில், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவன் மனைவி தானாக எழுந்தது இதுவே முதல் முறை.

"இந்த ஃபுட்ரெஸ்ட்டை நீ விரிச்சியா?"

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. கானி அண்ணன் வண்டியிலன்னா அவரே விரிச்சு வெச்சிருப்பாரு."

அந்தப் பெயர் தெல்ஃபினை வழக்கம்போலக் குத்தியது. கானி செத்து ஐந்து நாளாகியும் குத்தியது.

கானி என்கிற இசாகானியும் அவனும் ஒரே நாளில், ஒரே ஷோரூமில், ஒரே நிறத்தில் வண்டி எடுத்தவர்கள். நானூறு சிசி, இரட்டைச் சிலிண்டர். விரைவுச்சாலையில் ஏற அனுமதி பெறுவதற்குரிய குறைந்தபட்ச அளவு. சேசிஸ் எண்கள்கூட அடுத்தடுத்தவை: தெல்ஃபினுடையது 417 என்று முடியும், கானியுடையது 418. தன்னுடையதே முதலில் பிறந்தது என்பதில் தெல்ஃபினுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை முதல் மாதத்தைத் தாண்டவில்லை. லிட்டருக்கு இவனுக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர், கானிக்கு இருபத்தேழு. எஞ்சின் ஆறாயிரம் சுற்றுகளைத் தொட்டதும், கை மரத்துப்போகும் அளவுக்கு இவன் வண்டியின் கைப்பிடி நடுங்கும். கானியின் வண்டியில் அதே வேகத்தில் கண்ணாடியில் தெரியும் பிம்பம்கூட ஆடாது. கானி போட்டிருந்த அதே காற்றுத் தடுப்புக் கண்ணாடியை வாங்கினான். அதே கிராஷ் கார்டு, அதே பின்பெட்டி, ஹெல்மெட்டுக்குள் பொருத்திப் பேசும் அதே இன்டர்காம். ஒன்றும் மாறவில்லை. இருவரும் இருந்த பைக் குழுவின் இணையப் பக்கத்தில், உரிமையாளர் அனுபவம் என்ற தலைப்பில், இருக்கையின் கடினம் முதல் ஸ்பிரிங்கின் இறுக்கம் வரை எண்ணூறு சொற்களில் தெல்ஃபின் எழுதியதற்குப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தனர். அன்று மாலையே கானி, "நல்ல வண்டி. தூக்கம் வருது" என்று எழுதினான். நானூறு இதயங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இருக்கை. மரிக்கினாவில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கானி அதைச் செய்வித்திருந்தான்: அடியில் மென்நுரை, மேலே கருந்தோல், பின்னால் அமர்பவர் சாய்ந்துகொள்ள ஒரு முதுகுத்தாங்கி. கானி எப்போதும் கழுத்தில் தடவும் வலித்தைலத்தின் மணம் அதில் ஊறியிருந்தது. அதே மனிதரிடம் தெல்ஃபினும் போனான். அதே நுரை, அதே தோல். வந்து சேர்ந்தது பலகை. அதைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டுப் பழைய இருக்கையையே மாட்டிக்கொண்டான்.

சென்ற பிப்ரவரியில் நேனெத்தை ஒரே ஒருமுறை மலைக்கு அழைத்துப் போனபோது, தனாய் என்ற ஊருக்கு அருகே மழையில் அவன் வண்டியின் பேட்டரி செத்தது. கூட வந்த கானிதான் அவளைத் தன் பின்னால் ஏற்றி வீடு சேர்த்தான். இரவு தெல்ஃபின் ஈர உடையோடு வந்து நின்றபோது, நேனெத் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "பாதி வழியில நான் தூங்கிட்டேன் தெல்! அவர் முதுகுல சாஞ்சு அப்படியே தூங்கிட்டேன்." குற்றமற்ற வியப்போடுதான் சொன்னாள். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் அவன் வண்டியில் அவள் ஏறவில்லை. இடுப்பு வலிக்குமாம். அவள் தன் முதுகில் சாய்ந்து ஒரு முறையேனும் உறங்க வேண்டும் என்பதைத் தவிர, கடந்த ஒன்பது மாதங்களாக அவனுக்கு வேறு விருப்பம் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கானி ஒரு சிக்னலில் நின்றபோது அவனுடைய இதயம் நின்றது. வண்டி சாயவில்லை. இரு கால்களையும் தரையில் ஊன்றியபடி அவன் அமர்ந்தே இருந்தான். மூன்று முறை பச்சை விழுந்து மூன்று முறை சிவந்த பிறகே, பின்னாலிருந்தவர்கள் இறங்கி வந்து பார்த்தார்களாம்.

நேற்றுச் சனிக்கிழமை பிற்பகல், கானியின் வீட்டில் சவப்பெட்டிக்கு அருகே தெல்ஃபின் அமர்ந்திருந்தான். இழவுக்கு வந்தவர்கள் கொறித்துப் போட்ட தர்பூசணி விதைத் தோல்கள் தரையெங்கும் கிடக்க, மூலையில் வழக்கப்படி சீட்டாட்டம் நடந்தது. கானியின் மனைவி பெலின், வீங்கிய கண்களோடு அவனிடம் வந்தாள்.

"வண்டியை வித்துடப் போறேன் தெல்ஃபின். உனக்கு ஞாபகத்துக்கு ஏதாவது வேணும்னா எடுத்துக்கோ. ஹெல்மெட், கையுறை, எதுவானாலும்."

"சீட்டை எடுத்துக்கட்டுமா?" கேட்டபின்தான், தன் குரல் எவ்வளவு விரைவாக வந்தது என்பதை அவனே உணர்ந்தான்.

"அவர் கடைசியா உட்கார்ந்த இடம் அது."

"தெரியும்."

"சரி, எடுத்துக்கோ. ஆனா எங்கயாவது உதறிட்டு அப்புறமா வீட்டுக்குப் போ."

இழவு வீட்டிலிருந்து எவரும் நேரே தம் வீட்டுக்குப் போவதில்லை. வழியில் ஏதேனும் ஒரு கடையில் இறங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, கூட ஒட்டிக்கொண்டு வந்த செத்தவரின் ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள். குழுவில் ஒருவரையொருவர் 'பாரே', அதாவது தோழா, என்றுதான் அழைப்பார்கள். குழுவின் நண்பன் போன்ஸ், வாசலில் வண்டியை உறுமவிட்டபடி கூப்பிட்டான்: "பாரே, கஞ்சிக் கடைக்கு வா! நேரா வீட்டுக்குப் போயிடாதே. உன் பைக்குல ஏறி வந்தா, இடுப்பு வலியில கானி இன்னொரு தடவை செத்துடுவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். இழவு வீட்டிலும் அவன் வண்டிதான் சிரிப்புக்கு ஆளானது. மழைத்துணியில் சுற்றிய இருக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கஞ்சிக் கடையின் புகையையும் பூண்டு மணத்தையும் கடந்து, எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில் வீட்டுக்கு வந்தான். ஆறு மணிக்குள் மாட்டிவிட்டான். துளையோடு துளை பொருந்தியது. தோல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டான். நேற்றும் நாள் முழுக்க மூட்டம்தான் என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது நேனெத்திடம் சொன்னான். "கானி அண்ணன் சீட்டா? அப்போ நானும் வரேன்" என்றாள் அவள். மகிழ்ச்சியும் குத்தலும் ஒன்றாகவே இறங்கின.

இன்று குழுவினர், கானி வாரந்தோறும் எலும்பு சூப் குடித்த மலைக்கடைக்கு அவன் நினைவாகப் போவதாக இருந்தனர். அவர்கள் கண்ணில் இருக்கை படாதிருக்க, ஒரு மணி நேரம் முன்னதாகவே தெல்ஃபின் கிளம்பினான்.

அவன் ஏறி அமர்ந்தபோது, பின் ஸ்பிரிங் வழக்கம்போல் இறங்கியது. பிறகு, ஒரு பெருமூச்சைப் போன்ற ஒலியுடன், இன்னொரு முறை இறங்கியது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது என்று எண்ணிக்கொண்டான். அதன்பின்தான் நேனெத் அவன் தோளைப் பிடித்து ஏறினாள்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளு தெல்."

"டேங்க் மேலதான் உட்கார்ந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் இடம் பத்தல?"

"நேத்து நீ தின்ன சோறு." ஹெல்மெட்டின் மேல் ஓர் அடி விழுந்தது. அவன் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

நகரைத் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும், வண்டி மாறியது. ஐயாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம் என்று சுற்றுகள் ஏறியும் கைப்பிடியில் ஒரு துளி நடுக்கமில்லை. வளைவுகளில் அவன் சாய்க்க நினைக்கும் முன்பே வண்டி தானே சாய்ந்து தானே நிமிர்ந்தது. ஈரப் புல்லின் மணமும், எங்கோ கரி மூட்டும் புகையும், அவற்றுக்கு அடியில் விட்டுவிடாமல் வலித்தைலத்தின் காரமும் ஹெல்மெட்டுக்குள் நுழைய, இரண்டு கைகள் அவன் இடுப்பை வளைத்து உறுதியாகப் பற்றியிருந்தன. இவ்வளவு இறுக்கமாக அவள் அவனைப் பிடித்ததேயில்லை. பாரே, இப்போது வந்து பாருங்கள், என்று மனத்துக்குள் குழுவினர் அனைவரையும் அவன் அழைத்தான். கானி இந்தச் சுகத்தை இரண்டரை ஆண்டுகள் தனியாக அனுபவித்திருக்கிறான் என்ற எண்ணம் எழுந்ததும் பல்லைக் கடித்தான்.

தனாயைத் தாண்டியதும் மூட்டம் சாலையில் இறங்கியது. முப்பது அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"தெல்." இன்டர்காமில் நேனெத்தின் குரல் தூக்கத்தில் தோய்ந்திருந்தது. "இந்த முதுகுத்தாங்கி இருக்கே, எதையும் பிடிக்கவே வேணாம். குளிருது. ரெண்டு கையையும் எப்பவோ ஜாக்கெட் பைக்குள்ள விட்டுக்கிட்டேன்."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

இடுப்பில் கைகள் இருந்தன.

மெல்லக் குனிந்து பார்த்தான். கைகள் தெரியவில்லை. ஆனால் அவனுடைய மழைச்சட்டை இரு பக்கமும் உள்நோக்கி அழுந்தியிருந்தது. ஐந்து குழிகள். ஐந்து குழிகள். ஒவ்வொன்றிலும் தூறல் நீர் தேங்கியிருந்தது.

வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். நேனெத்தின் ஹெல்மெட் முன்னால் சரிந்து, எதன் மேலோ கன்னம் வைத்துக் கிடந்தது. தன் முதுகில் ஒரு பாரமும் இல்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சாண் மூட்டம். அந்த மூட்டத்தின் மேல்தான் அவள் சாய்ந்திருந்தாள்.

கஞ்சிக் கடை. பூண்டு மணம். நேற்று நிற்காமல் வந்தது.

உதற வேண்டும். இப்போதே. எந்தக் கடையானாலும் சரி.

வளைவைத் தாண்டி ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்தது. தகரக் கூரை, பெஞ்சு, காபிக் கெட்டில். ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். சைடு ஸ்டாண்டைத் தள்ளினான். சாவியை உருவி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு இறங்கினான்.

"நேனெத், இறங்கு. காபி குடிச்சுட்டுப் போகலாம்."

"ம்ஹும்... நீ போ. நல்லா இருக்கு." குரல் கனவுக்குள்ளிருந்து வந்தது.

தோளைப் பற்றி உலுக்கினான். அவள் அசையவில்லை. தோல் இருக்கையில் கை பட்டது. சுட்டது. ஒரு வாய் காபி போதும். பத்தடி தூரம்தான்; ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நடந்தான்.

தான் இறங்கும்போது இடுப்பிலிருந்த கைகள் உடனே விட்டுவிட்டன என்பதை, நடக்கும்போதுதான் உணர்ந்தான். தடுக்கவில்லை. இறங்கட்டும் என்று காத்திருந்தவை போல.

கடைக்காரப் பெண், கோப்பையில் ஊற்றியவாறே அவன் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, அவங்க ரெண்டு பேரும் நனையறாங்களே. உள்ள வரச் சொல்லுங்க. ஓட்டுறவருக்கு ஹெல்மெட்கூட இல்ல."

கோப்பையை அவன் தொடவில்லை.

பின்னால் எஞ்சின் உயிர்பெற்றது.

சாவி கையில்தான் இருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்து வலித்தன. திரும்பினான். ஸ்டாண்டு மேலே எழுந்தது. வண்டி நகர்ந்தது. உதறலில்லை, கரகரப்பில்லை, பட்டுத்துணி கிழிவது போன்ற சீரான ஒலி. அவனுக்காக ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. அந்தக் கணத்திலும் அது அவனைச் சுட்டது.

நேனெத் நன்றாகச் சாய்ந்திருந்தாள். கைகளைப் பையிலிருந்து எடுத்து, முன்னாலிருந்த மூட்டத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நேனெத்!"

ஓடினான். ஈரச்சாலை வழுக்கியது. சிவப்பு விளக்கு சிறிதாகியது.

"நேனெத்! குதி! நேனெத்!"

"ம்... கத்தாத தெல்." ஹெல்மெட்டுக்குள், காதோரம், அவள் குரல். மகிழ்ச்சியான குரல். "உன் முதுகுலதானே சாஞ்சிருக்கேன்."

இரைச்சல்.

"இன்னைக்குத்தான் நீ ஒழுங்கா ஓட்டுற..."

சிவப்பு விளக்கு வளைவில் சாய்ந்தது. கானி சாய்ப்பதைப் போல, அவசரமின்றி. பிறகு மூட்டம் மட்டும். இன்டர்காம் ஒருமுறை ஒலித்து, தொடர்பு அறுந்ததை அறிவித்தது.

கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தில் காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.