சார்டெக்ஸ் அறையில் ஐந்து பேர்

சிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பஞ்சநதத்தின் அரிசி மில்லில், சார்டெக்ஸ் மிஷினின் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த அறிவுமதி சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அரிசியில் கலந்த கருப்பையும் பழுப்பையும் கேமராவால் கண்டுபிடித்து, காற்றால் ஊதித் தள்ளும் மிஷின் அது. பழைய மாடல். செய்த கம்பெனியே இப்போது இல்லை. மிஷினுக்கான கட்டளையெல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சதுரச் சிப்புக்குள் இருந்தது. அது உட்காரும் சாக்கெட், பல் விழுந்த ஈறு போலத் தெரிந்தது.

“எங்கடா அது?” என்றார் பின்னால் நின்ற மில் முதலாளி பஞ்சநதம். பதிலுக்குக் காத்திருக்காமல், காவலாளி கண்ணுசாமியைக் கூப்பிட்டு வெளிக் கேட்டைப் பூட்டச் சொன்னார்.

மதியம் மூன்று மணிக்கு அந்தக் கேட்டுக்குள் சப் இன்ஸ்பெக்டர் மதிவதனி நுழைந்தாள். முந்தைய மாலை வடிகால் வாய்க்காலின் கரை உடைந்திருந்தது. பள்ளத் தெரு ஜனங்களை மில் கொட்டகையில் தங்கவைக்க முடியுமா என்று பார்க்க வந்தவள் அவள். இறக்கிவிட்ட டிராக்டர் திரும்பிய சற்று நேரத்தில் சாலைப் பாலம் தண்ணீருக்குள் போனது. கேட்டைத் திறந்த கண்ணுசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“உள்ள உக்கார வச்சிருக்கிறது உங்க தம்பியத்தாம்மா.”

அறிவுமதி சார்டெக்ஸ் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும் எழப் போனவன், பஞ்சநதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

“வாம்மா,” என்றார் பஞ்சநதம். “அக்கா போலீசு, தம்பி திருடன். வீட்டுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிடும்போல.”

அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். மீட்புப் படகில் ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார் அவர். வந்ததும் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். “நீ அவன் அக்கா. நீ விசாரிச்சா எந்தக் கேஸும் நிக்காது. எதையும் தொடாதே.”

மில்காரர்களின் வாட்ஸப் குழுவில் அறிவுமதியின் படம் திருடன் என்று காலையிலேயே போய்விட்டிருந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து நாகை வரை அவனைக் கூப்பிடும் மில்கள் அத்தனையும் அந்தக் குழுவில்தான். குற்றவாளியாக அவன் அந்தப் படகில் ஏறினால், பிறகு நிரபராதி என்று கோர்ட்டே சொன்னாலும் எந்த மில்லும் அவனுக்குக் கதவு திறக்காது. படகு வருவதற்குள் முடித்தாக வேண்டும். அதுவும் அவள் விரல் எதிலும் படாமல்.

சுற்றிலும் பார்த்தாள். மின்சாரம் இல்லை. ஒரே ஜன்னல், கம்பி போட்டது. அதற்கு வெளியே வயலும் சாலையும் ஒன்றாகிப் பழுப்புத் தண்ணீராக நின்றன. ஓரத்தில் கிழிந்திருந்த மூட்டையொன்றிலிருந்து அரிசி சிந்திக் கிடந்தது. அதுவும் பழுப்புதான். புளித்த வாடை அடித்தது.

ஐந்து பேர் அந்த அறையில் இருந்தார்கள். மிஷினை ஓட்டும் மலர்க்கொடி ஐந்தாவது. ரிப்பேர் வேலைக்குத் துணையாகக் காலையில் வந்தவள், வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மதிவதனி அவர்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இது. சனிக்கிழமை அறிவுமதி சர்வீஸுக்கு வந்தான். பஞ்சநதம் பக்கத்தில் நின்று பார்க்க, சிப்பைக் கழற்றி, அதன் மெல்லிய உலோகக் கால்களிலிருந்த அழுக்கைத் துடைத்து, திரும்பப் பொருத்தி, மிஷினை ஓட்டிக் காட்டிவிட்டு மாலை பஸ்ஸில் பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மிஷினில் விளக்கே எரியவில்லை. மலர்க்கொடி பெட்டியைத் திறந்து ஃபியூஸை மட்டும் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. பெட்டிக் கதவு அன்றிலிருந்து திறந்தே கிடந்தது. அறிவுமதி பட்டுக்கோட்டை வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்ல, சார்டெக்ஸ் இல்லாமலே அரைக்கும்படி பஞ்சநதம் உத்தரவு போட்டார். புதன்கிழமை வரை மில் ஓடியது. அன்று மாலை கரை உடைந்த செய்தி வந்ததும் மலர்க்கொடியும் மற்றப் பெண்களும் வீட்டுக்கு ஓடினார்கள். ஆண்கள் கரண்ட் போகும்வரை ஓட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பிறகு மில்லில் தங்கியது கேட்டருகே கண்ணுசாமியும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் பஞ்சநதமும்தான்.

“திருக்காட்டுப்பள்ளியில இதே மாடல் ஒண்ணு சிப் போயி செத்துக் கிடக்குது,” என்றார் பஞ்சநதம். “அதையும் பாக்குறது இவன்தான். சனிக்கிழமை கழட்டுனவன் திரும்ப மாட்டவே இல்ல.”

“ஓட்டிக் காட்டினேனே சார்.”

“காட்டிட்டுக் கழட்டியிருப்ப.” வேட்டி மடியை இறுக்கிக்கொண்டே அறிவுமதியின் பையிலிருந்து எடுத்த ஒரு கருவியை மேஜையில் வைத்தார். புருவம் திருத்தும் இடுக்கியைவிடப் பெரியது. இரண்டு முனைகளும் உள்நோக்கிக் கொக்கியாக வளைந்திருந்தன. “இது என்னன்னு உன் தம்பியக் கேளும்மா.”

மதிவதனி கேட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னாள்.

“புல்லர்க்கா. சிப் எடுக்குறது. சாக்கெட்டுல எதிரெதிர் மூலையில ரெண்டு சந்து இருக்கும். கொக்கிய அதுல விட்டு, அமுக்கி, நேரா தூக்கணும். கால் வளையாம வந்துடும்.”

“ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா?”

“மூலை உடைஞ்சிடும். இந்த சாக்கெட்டுல உடையல.” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்குப் புரிந்தது.

பஞ்சநதம் சிரித்தார். “அவனே சொல்லிட்டான். புல்லர் போட்டுத்தான் எடுத்திருக்கு. புல்லர் வச்சிருக்கிறது யாரு?”

தம்பியைக் காப்பாற்றக் கேட்ட கேள்வி அவனையே இன்னும் ஒரு சுற்று கட்டிவிட்டது. இனி அவன் சொல்லும் எந்த உண்மையும் அவனுக்கு உதவாது. அவள் சொல்வதும் அப்படித்தான். அக்கா சொல்வது ஒரு சாட்சியா?

அவள் மிஷினை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றாள்.

“மலர்க்கொடி, இங்கிருந்து எனக்கு எதுவும் தெரியல. நீங்க டார்ச் அடிச்சு, பாக்குறதச் சொல்லுங்க. கை படக் கூடாது. கண்ணுசாமியண்ணே, நீங்களும் கூட நின்னு பாருங்க.”

மலர்க்கொடி குனிந்தாள். “சிப்பு மாட்டுற கார்டு இருக்கு மேடம். சிப் இல்ல.”

“வேற?”

“வேற என்ன, தூசிதான். தவிட்டுத் தூசி.”

“எங்க?”

“எல்லா எடத்துலயும். மில்லுன்னா தூசி இருக்காதா மேடம்? எங்க தலையப் பாருங்க.”

கண்ணுசாமி தன் தோள் துண்டை உதறிக் காட்டினார். மழைக்கால ஈரத்தில் அந்தத் தூசி மேலே விழுவதோடு நிற்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் சுவரிலும் கதவிலும் மாவு தடவியது போல அப்பிக்கொள்ளும். அந்த அறையில் அதைத் தூசி என்று பார்க்கும் கண் வெளியிலிருந்து வந்தவளுக்கு மட்டும்தான் இருந்தது.

“சிப் இருந்த குழிக்குள்ள?”

மலர்க்கொடி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இல்ல மேடம். சுத்தமா இருக்கு. சுத்தி முழுக்க அப்பிக் கெடக்கு, குழி மட்டும் கழுவி வச்சாப்ல இருக்கு.”

கண்ணுசாமியும் எட்டிப் பார்த்தார். “ஆமாம்மா.”

“சனிக்கிழமையே சிப் போயிருந்தா, நாலு நாள் மில்லு ஓடின தூசி அந்தக் குழிய மட்டும் எப்படி விட்டுச்சு?”

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

“காலையில இவன் ஊதியிருப்பான்,” என்றார் பஞ்சநதம்.

மலர்க்கொடி திரும்பாமலே சொன்னாள். “ஊதினா சுத்தி இருக்கிறதும் பறந்திருக்கும் முதலாளி. அதுவுமில்லாம நாம ரெண்டு பேரும் பின்னாலதான நின்னோம்.”

“கதவோட உள்பக்கம் அடிங்க,” என்றாள் மதிவதனி.

வெளிச்சம் கதவின் மேல் நகர்ந்தது. தூசி அப்பி வெளுத்திருந்த தகட்டில், விரல் நீளத்துக்கு ஓர் உருவம் தூசி இல்லாமல் நீல நிறமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு வெறும் கிளிப்.

“இங்க ஒரு கம்பி மாட்டியிருக்கும் மேடம். எப்பவும் இருக்கும். கதவோட சேந்ததுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“அது கம்பெனியில குடுத்த புல்லர்க்கா,” என்றான் அறிவுமதி மெதுவாக. “எல்லா மிஷின்லயும் ஒண்ணு மாட்டியிருக்கும். நான் என்னோடதத்தான் எடுப்பேன்.”

கண்ணுசாமி மேஜையிலிருந்த புல்லரைத் துண்டால் பிடித்து, தகட்டில் படாமல் அந்த உருவத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். அவனுடையது நீளம். பொருந்தவில்லை.

மதிவதனி அப்போதுதான் பஞ்சநதத்தை நேராகப் பார்த்தாள்.

“சிப்பும் அந்தப் புல்லரும் மில்லு ஓடி நிக்கிற வரைக்கும் இங்கதான் இருந்திருக்கு சார். தூசி அதுங்களச் சுத்தி விழுந்திருக்கு. ரெண்டும் போனது புதன்கிழமை கரண்ட் போன பிறகு. அப்ப அறிவுமதி பட்டுக்கோட்டையில இருந்தான்.”

“அப்ப இந்தப் பொண்ணு எடுத்திருக்கும்.”

“அவங்க போனதுக்கு அப்புறமும் மில்லு ஓடுச்சு. அவங்க எடுத்திருந்தா குழியில தூசி விழுந்திருக்கும். இந்த ரூமப் பூட்டினது யாரு?”

“முதலாளிதான்,” என்றார் கண்ணுசாமி. “சாவி எங்கிட்ட இல்லம்மா.”

“காலையில திறந்தது?”

“அவருதான்.”

“பூட்டு உடைஞ்சிருந்துச்சா?”

“இல்ல.”

மதிவதனி கிழிந்த மூட்டையைக் காட்டினாள்.

“இது நனைஞ்ச நெல்லு அரிசி. அரைக்கச் சொல்லி சர்க்கார் குடுத்தது உங்க களத்துல நனைஞ்சிருக்கு. சார்டெக்ஸ் ஓடினா பாதிய ஊதித் தள்ளிடும். அந்த நஷ்டம் உங்க தலையில விழும். மிஷின் ரிப்பேர்னா எல்லாத்தையும் மூட்டையில கட்டிடலாம். சனிக்கிழமை ராத்திரி நீங்க ஏதோ ஒரு ஒயரத்தான் உருவி விட்டிருப்பீங்க. ஆனா இவன் வந்தா அத உடனே கண்டுபிடிச்சிடுவான். யாரு உருவினதுன்னு கேள்வி வரும். அதனால நேத்து ஒயர மாட்டிட்டு சிப்ப எடுத்தீங்க. எப்படி எடுக்கணும்னு சனிக்கிழமை இவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டீங்க. சார், எடுத்தது நீங்கதான்.”

பஞ்சநதம் உடனே கோபப்படவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்கம்மா எங்க வயல்ல நடவு நட்டவ. அந்த வீட்டுப் பொண்ணு என் மில்லுக்குள்ள நின்னு என்னயத் திருடன்னு சொல்ற.” சற்று நிறுத்தினார். “சரி விடு. சிப்பு கிடைச்சிடுச்சு, கை தவறி எங்கயோ விழுந்து கிடந்துச்சுன்னு குரூப்புல போட்டுடறேன். தம்பி மாட்டிக் குடுத்துட்டுப் போகட்டும். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். உனக்கு வேண்டியதும் அதுதான?”

அவளுக்கு வேண்டியது அதுதான். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை அசைக்கவில்லை, ஆனால் கண் கெஞ்சியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வெளியே. அந்த அரிசி ரேஷன் கடைக்குப் போகும். நாளை வேறு ஏதாவது நடந்தால் பஞ்சநதம் இந்த நாளை எடுத்து நீட்டுவார், அக்காவும் தம்பியும் சேர்ந்து முடித்த காரியம் என்று.

“பாத்தது நான் இல்ல சார்,” என்றாள். “இவங்க ரெண்டு பேரும். நான் எதுக்கு ஒத்துக்கிட்டாலும் இவங்க பாத்தது மாறாது.”

பஞ்சநதம் மலர்க்கொடியைப் பார்த்தார். அவள் டார்ச்சை அணைத்தாள், பார்வையை விலக்கவில்லை. கண்ணுசாமியைப் பார்த்தார். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போய்க் கதவோரம் நின்றார். அந்த மில்லில் முதலாளிக்கு அவர் வழிவிடாமல் நின்றது அதுவே முதல் தடவை.

தூரத்தில் படகு மோட்டாரின் சத்தம் கேட்டது.

பஞ்சநதம் எழுந்து வேட்டி மடியை அவிழ்த்தார். கைக்குட்டை ஒன்று வந்தது. அதைப் பிரித்து உள்ளங்கையில் ஏந்தினார். சின்ன இடுக்கி ஒன்று, பக்கத்தில் கருப்புச் சதுரம். வீட்டில் தண்ணீர் நிற்கையில் வைக்க வேறு இடம் இல்லாமல், வேறெங்கும் கிடைக்காத அதை உடம்போடு சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

“வாங்கிக்கம்மா,” என்றார்.

“என் கை படக் கூடாது சார். அது இனி வழக்குச் சொத்து.”

“கேஸு முடியிற வரைக்கும் மிஷின் நிக்கும். மில்லு போயிடும்மா.”

அவர் கையை அறிவுமதியின் பக்கம் திருப்பினார். பழக்கத்தில் அவன் கை நீண்டது. மதிவதனி “டேய்” என்றதும் பின்வாங்கியது. மலர்க்கொடி கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணுசாமி தரையைப் பார்த்தார்.

கைக்குட்டையோடு சேர்த்துக் கையை மூடப் போனார் பஞ்சநதம்.

“மூடாதீங்க சார்,” என்றான் அறிவுமதி. “கால் வளைஞ்சிடும்.”

விரல்கள் பாதியில் நின்றன. படகு மில்லின் படியை வந்து முட்டும்வரை, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் தாழ்வாரத்தைக் கடந்து அறை வாசலுக்கு வரும்வரை, பஞ்சநதம் அந்தக் கையை மூடவும் முடியாமல், இறக்கவும் முடியாமல், நீட்டியபடியே நின்றார்.