சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில்

மேசைமேல் இருந்த தாளின் ஓரம் எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்தாள். அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. ஒரு கொம்பு மாறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இதுவும் தப்பவில்லை. தாள் நெடுநேரம் மெல்ல மெல்ல உயர்ந்து நின்றது. பிறகு சட்டென்று ஜன்னல் பக்கம் இழுபட்டுப் படிந்தது. மூச்சுபோல, நீளமாக வெளியே, குட்டையாக உள்ளே. அரைமணி நேரமாக அதே கணக்கு.

புது ஜன்னல்கள் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நாலாவது மாடி வீட்டின் பழைய மர ஜன்னல்கள் மூன்றையும் பெயர்த்துவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் போட்டவற்றை வைத்திருந்தார்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி. எழுந்து போய் முகத்தை அருகில் வைத்தாள். சிமெண்டுத் தூசி, ஈரச் செங்கல், அதற்கும் அடியில் எங்கோ, மூச்சுக்கு வைக்கும் மருந்துப் புகையின் இனிப்பும் கசப்புமான வாசனை. அந்தப் புகை போடும் கருவியை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது.

அக்கா போய் இரண்டு மாதம்.

தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா. நுரையீரல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இரைக்கும். அந்த வாரம் முழுக்க மழை. மரம் ஊறிப் பருத்து, அக்கா அறை ஜன்னல் இறுகிப்போயிருந்தது.

“கொஞ்சம் திறடி. முட்டுது.”

அவள் உள்ளங்கையால் தட்டினாள், தோளால் இடித்தாள். அசையவில்லை. சாயங்காலத்துக்குள் முடிக்கவேண்டிய வேலை வேறு மேசையில் கிடந்தது. “நாளைக்கு ஆளை வரச்சொல்றேன்க்கா. இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோயேன்.”

அக்கா தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டியே பழகியவள். மறுநாள் காலை ஜன்னல்காரர் உளியோடு வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன.

இப்போது அவள் அவருக்குத்தான் போன் செய்தாள்.

“அந்த இடைவெளி வழியா காத்து வருதுங்க.”

“வரத்தாம்மா செய்யும். வெயில்ல சட்டம் விரியும், அதுக்கு இடம் வேணுமில்ல. நான் வந்து அடைச்சிருப்பேன், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அவங்களுக்குப் பார்வை வந்தா முதல்ல என்னைத்தான் திட்டுவாங்க, இருந்தாலும் கூட இருக்கணும்ல.” சிரித்தார். “நுரை டப்பாவை அங்கதான் வச்சிருக்கேன். அவசரம்னா நீங்களே அடிச்சிடுங்க. குழாயை உள்ள விட்டு அமுக்கினாப் போதும். ஆனா பார்த்து. அது ஊதும். எங்கெங்க இடம் இருக்கோ அங்கெல்லாம் போய் ஒக்காந்துக்கும்.”

“காத்து வெளியேயிருந்து உள்ளே வரும். உள்ளேயிருந்து வெளியேயும் போகுமா?”

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல.”

முதலில் கூடத்து ஜன்னல். டப்பாவைக் குலுக்கி, குழாயை நுழைத்து, மெல்லச் சுற்றிவந்தாள். வெளிறிய மஞ்சள் நுரை சீறிக்கொண்டு இறங்கி, பொருமி, இடைவெளியை நிறைத்தது. மேசைத் தாள் அடங்கிவிட்டது. அப்பாடா என்று உட்காரப் போனவளுக்குச் சமையலறையில் தட்டுகளை மூடியிருந்த துணி அசைவது தெரிந்தது. எழுந்தது, படிந்தது. முன்னைவிட வேகமாக.

அதையும் அடைத்தாள். அவசரத்தில் நுரை கழுவுதொட்டியெல்லாம் சிந்தியது.

பிறகு அக்காவின் அறை.

கதவு தானாகவே ஒரு நூல் அளவு திறந்து, ஒரு நூல் அளவு சாத்தி, திறந்து, சாத்திக்கொண்டிருந்தது. நாலரை மணி வெயில் படுக்கைமேல் விழுந்திருந்தது. இங்கே காதை வைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மெல்லிய விசில் ஒன்று; கொதி அடங்கும் பாத்திரத்தின் மூடிபோல. பதினோரு மாதம் பக்கத்து அறையில் படுத்தபடி எண்ணிய விசில். நின்றுவிட்டால் எழுந்து ஓடவேண்டும் என்று எண்ணிய விசில்.

“கொஞ்சம்…”

சுவருக்குள்ளிருந்து.

“கொஞ்சம்… திற…”

அவள் யோசிக்கவில்லை. குழாயை நுழைத்தாள். அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். நுரை சீறியது. உள்ளே ஏதோ கமறியது. புரையேறியது. களகளவென்றது. அமுக்கிக்கொண்டே இருந்தாள். டப்பா காலியாகி வெறும் காற்று துப்பியது.

நிசப்தம்.

கதவு அசையவில்லை. தெருவில் ஒரு வண்டி போனது. அவள் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள். பயம் வடிந்துபோன இடத்தில் வேறொன்று ஏறிக்கொண்டு வந்தது. வெயில் சுவரில் ஏறி மறையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள்: “ரெண்டாவது தடவையும் நானேதானா?”

சமையலறைக் கத்தியோடு ஓடிவந்தாள். நுரை இறுகியிருந்தது. அறுத்தாள். நகத்தால் பிறாண்டினாள். ஒரு துண்டு பிதுங்கிப் பிதுங்கி, நெளிந்துகொண்டு வெளியே வந்தது. இடைவெளியைவிட அகலமாக. உள்ளங்கை அளவுக்கு.

திருப்பிப் பார்த்தாள்.

வரிகள். மேலண்ணத்தின் வரிகள். சுற்றிலும் வரிசையாகப் பற்கள் அழுந்திய குழிகள். இடப்பக்கம் ஒரு பல் இல்லாத இடத்தில் நுரை உருண்டையாகப் புடைத்திருந்தது.

அக்காவுக்கு அந்தப் பல்லைப் பிடுங்கக் கூட்டிப்போனவளே அவள்தான்.

“அக்கா.”

மீதி நுரையையும் பிறாண்டி எடுத்தாள்.

“அக்கா, திறந்துட்டேன். பாரு. திறந்துட்டேன்க்கா.”

இருட்டு. ஒரு விரல் அகலத்துக்கு.

கட்டிலில் மண்டியிட்டாள். தூசி படிந்த இடைவெளியில் உதடுகளைப் பொருத்தினாள். ஊதினாள். மார்பில் இருந்ததையெல்லாம் ஊதினாள். இழுத்து, மறுபடி ஊதினாள். கண்ணீர் சிமெண்டில் இறங்கியது. எடுத்துக்கோ. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. மூன்றாவது தடவை வெகு ஆழத்தில் அந்த விசில் கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான்காவதும் ஊதினாள்.

உள்ளே போனது. இன்னும் போனது.

போதும் என்று நிறுத்தினாள். நிற்கவில்லை.

முகத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. உதடுகளின்மேல், அந்தப் பக்கத்திலிருந்து, குளிர்ந்த உதடுகள் கவ்வியிருந்தன. இழுத்தன. சுவரைத் தட்டினாள். உள்ளங்கையால். தோளால். நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. விலா எலும்புகள் ஒன்றையொன்று தொட்டன. கத்தி கட்டிலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

திறந்தே இருந்த அவள் கண்களுக்கு நேரே புதுக் கண்ணாடி. வெளியே நாலு மாடி உயரத்துக்கு அந்தி வானம் மட்டும்.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் வட்டமாக ஆவி படிந்தது. கலைந்தது. படிந்தது. கலைந்தது. சீராக. விசில் இல்லாமல். சுகமாக.