உடனே வந்த பதில்

அன்று கணவனின் பதில் உடனுக்குடன் வந்தது. முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கேபிள் எட்டாத அந்த மேட்டு வீட்டுக்கு இன்டர்நெட் என்றால் மொட்டைமாடி டிஷ்தான் கதி. இவள் பேசுவது வானத்துக்குப் போய், சாட்டிலைட்டைத் தொட்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவனிடம் இறங்கி, அவன் பதில் அதே வழியாகத் திரும்பி வருவதற்குள் ஒரு மூச்சை இழுத்து விட்டுவிடலாம். ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியாது. இவள் திட்டுவது போய்ச் சேரும்போது அவன் முந்தைய பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருப்பான். அதனால் பேசி முடித்ததும் இவள் "சொல்லுங்க" என்றும் அவன் "சொல்லு" என்றும் முறைவைத்துப் பேசப் பழகியிருந்தார்கள்.

காய்ச்சலில் அழுது தீர்த்த குழந்தை அன்றுதான் அயர்ந்து தூங்கியது. அது விழித்துவிடக் கூடாதே என்று கூடத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினாள். வெளியே மழை வலுத்து, சாயங்காலமே வீடு இருட்டி, ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறியது. லேப்டாப் திரையில் அவன் முகம் பாதிக் கண் மூடியபடி நின்றுபோனது. மழை வந்தால் படம் நிற்பது வழக்கம்தான். குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது. சாப்பிட்டாயா, கதவெல்லாம் சாத்தினாயா என்று விசாரித்தது. ஒருமுறைகூட "சொல்லு" என்று சொல்லவில்லை.

மின்னல் வெட்டியது. போன மழையில் மோடம் கருகியதிலிருந்து இடி என்றாலே அவளுக்குப் பயம்.

"ப்ளக்கைப் பிடுங்குறேங்க. மழை விட்டதும் கூப்பிடுறேன்."

பிடுங்கினாள். மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது.

"சரி. பாப்பா எங்க தூங்குறா?"

"உள் ரூம்ல, தொட்டில்ல."

பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் கையில் தொங்கிய ப்ளக்கைப் பார்த்தாள்.

லேப்டாப் எதிரே இருந்தது. குரல் வந்தது முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள். யாரும் இல்லை. உள் அறைக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. குழந்தை சிணுங்கியது. சட்டென்று நிறுத்தியது.

ஓடினாள். போர்வை தரையில் கிடந்தது. தொட்டில் காலி.

ஜன்னலோரம், ஆள் உயரத்தில், வெறும் காற்றில், யார் தோளிலோ சாய்ந்த மாதிரி குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தட்டிக்கொடுக்கும் கை எதுவும் தெரியவில்லை. அதன் முதுகில் சட்டை மட்டும் அமுங்கி, அமுங்கி எழுந்தது.