தலைகீழாக வந்த படகு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகும் வழியில் செம்பட்டைத் தலைமுடி கொண்ட பெண் எதிரே வந்தால், மீனவர்கள் அன்று படகை இறக்கமாட்டார்கள். பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பத்து வயது நூலாவின் தலைமுடி நெருப்பின் நிறம்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, துறைக்குப் போகும் பாதையில் மீனவர் கோல்மன் அவளை எதிரே பார்த்தார். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. படகை இறக்கினார். மாலையில் கடலிலிருந்தும் அவர் திரும்பவில்லை.

நூலாவை யாரும் திட்டவில்லை. அந்தச் சந்திப்பைப் பற்றி அவள் காதுபட யாரும் பேசவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அதற்குப் பிறகு மீனவர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்வாள்.

துறைக்கு மேலே ஓர் இடிந்த கோட்டை இருக்கிறது. கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து அதைப் படம் எடுப்பார்கள். மற்ற மாதங்களில் அதன் சுவரில் நாங்கள் கடற்பாசி காயப்போடுவோம்.

அன்று காலை நூலா பாசியைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, கீழே பாதையில் பேச்சுக் குரல் கேட்டது. சட்டென்று சுவருக்குப் பின்னால் குனிந்தாள்.

மூன்று பேர் ஒரு படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். மெல்லிய மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தித் தார் பூசிய படகு அது. வெளியே தெரிந்தவை ஆறு கால்கள்தான். பெரிய கறுப்பு வண்டு ஒன்று நடந்து வருவதுபோல இருந்தது.

முன்னால் கோல்மனின் அண்ணன் ஃபெஸ்டி. நடுவில் நூலாவின் அண்ணன் டோனல். கடைசியில் பார்ட்லி.

"டேய் டோனல், கொஞ்சம் வேகமா நட. என்ன, கல்யாண ஊர்வலமா போறோம்?" என்றார் பார்ட்லி.

"நீங்க என் காலை மிதிக்காம வந்தா நான் ஓடவே செய்வேன்!"

"புயல் ஓஞ்சு இன்னைக்குத்தான் கடல் அடங்கியிருக்கு. கடல்ல போட்ட நண்டுக் கூண்டெல்லாம் இருக்கோ, போச்சோ" என்றார் ஃபெஸ்டி.

மேலே இருந்த நூலாவுக்குப் படகின் அடிப்பாகம் நன்றாகத் தெரிந்தது. பழைய ஒட்டு ஒன்றைச் சுற்றித் தார் வெடித்திருந்தது. துணியின் ஓரம் காற்றில் படபடத்தது. படகுக்குள் தலையை விட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"படகு கிழிஞ்சிருக்கு!" என்று ஒளிந்தபடியே கத்தினாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் ஃபெஸ்டி.

"கடல் காக்கா. நீங்க நடங்க" என்றான் டோனல்.

இன்னும் சில அடிகள்தான். பிறகு தண்ணீர். நூலா சரிவில் ஓடி இறங்கிப் பாதையின் குறுக்கே நின்றாள்.

ஃபெஸ்டிக்கு முதலில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

"யாரது குறுக்க?"

படகின் முனையை உயர்த்திப் பார்த்தார். காற்றில் பறந்த செம்பட்டை முடியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"போச்சு! இன்னைக்குப் பொழப்பு போச்சு!" என்றார் பார்ட்லி.

"நூலா! உனக்கு அறிவிருக்காடி? வீட்டுக்குப் போ!" என்று கத்தினான் டோனல்.

"திட்டுண்ணா, பரவாயில்ல. ஃபெஸ்டி மாமா, படகை இறக்கி அடியில ஒரு தடவை பாருங்க. அப்புறம் நான் போயிடறேன்."

படகை இறக்கினார்கள். ஃபெஸ்டி அந்த ஒட்டை மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"அலை அடிக்கிற இடத்துல இது பிரிஞ்சிருந்தா..." என்று தொடங்கிய பார்ட்லி பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தார் காய்ச்ச நெருப்பு மூட்டலாம் என்று டோனலைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஃபெஸ்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இங்க வா நூலா. அன்னைக்குக் கோல்மன் உன்னைத்தானே பார்த்தான்?"

நூலாவின் கண்கள் நிறைந்தன. "நான் வேணும்னு எதிர்ல வரல மாமா."

"அதைக் கேக்கல கண்ணு. அவன் உங்கிட்ட என்ன சொன்னான்? அன்னைக்கு நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயிட்டான். கடைசியா என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது."

இதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ரெண்டு கையையும் என் தலைகிட்ட நீட்டி, குளிர் காயற மாதிரி தேச்சுக்கிட்டாரு. 'அப்பாடா, இப்பதான் இதமா இருக்கு'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் சிரிச்சுக்கிட்டே போனாரு."

ஃபெஸ்டி குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று நூலாவுக்குத் தெரியவில்லை.

"அவனேதான்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அச்சு அசலா அவனேதான். இன்னொரு தடவை சொல்லு."

நூலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.